செலவைத் தெளிவாக விளக்கி, தகவலைக் கடைசிக்குத் தள்ளிய பாடத்திட்டம்: நுண்ணினப் பொருளியல் இணையவழிப் பாடம் பற்றிய மதிப்புரை

நிறுவனங்களின் செலவு, சந்தை அமைப்புகள், குறைநிலைத் தகவல் (வாங்குபவரோ விற்பவரோ எல்லாவற்றையும் அறியாத நிலை) ஆகிய மூன்றையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் கட்டண இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றை முழுமையாகப் படித்து முடித்த பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். காணொளி விரிவுரைகள், பாடத்துக்குப் பாடம் பயிற்சிக் கணக்குகள், எண்களை மாற்றினால் வளைகோடுகள் நகரும் வரைபடக் கருவி, ஐயம் கேட்கும் பகுதி, இறுதித் தேர்வு, சான்றிதழ் ஆகியவை இதில் அடங்கும். நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் முதன்மையான குறை அறிமுக நிலைப் பாடங்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதே காரணம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவுப் பகுதி கொடுத்த கட்டணத்துக்கு முழுமையாகத் தகும். சந்தை அமைப்புப் பகுதி பாதி வழி வந்து நின்றுவிடுகிறது. தகவல் பகுதி உள்ளடக்கத்தில் நன்றாக இருந்தும், வைக்கப்பட்ட இடம் தவறாகிவிட்டதால், முன்னே கற்றவற்றைத் திருத்த வேண்டிய தன் வேலையைச் செய்யாமலேயே முடிந்துபோகிறது.

செலவுப் பகுதி சூத்திரங்களோடு தொடங்காமல் ஒரே ஓர் அட்டவணையோடு தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் நிலைச் செலவு, அதாவது உற்பத்தி செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆகும் செலவு, 100. ஒன்று முதல் ஏழு அலகுகள் வரை உற்பத்தி செய்ய ஆகும் மாறும் செலவு முறையே 50, 80, 105, 140, 190, 270, 385. எஞ்சிய கட்டங்களை எல்லாம் மாணவரே நிரப்ப வேண்டும். இறுதிநிலைச் செலவு (ஒவ்வொரு கூடுதல் அலகுக்கும் ஆகும் செலவு) 50, 30, 25, 35, 50, 80, 115 என்று முதலில் இறங்கிப் பின் ஏறுவதையும், சராசரி மாறும் செலவு மூன்றாம், நான்காம் அலகுகளில் 35 என்ற தாழ்நிலையைத் தொடுவதையும், சராசரி மொத்தச் செலவு ஐந்தாம் அலகில் 58 வரை இறங்குவதையும் கையால் கணக்கிட்டுப் பார்த்த ஒருவருக்கு, இறுதிநிலைச் செலவு வளைகோடு சராசரிச் செலவு வளைகோட்டை அதன் தாழ்ந்த புள்ளியில்தான் வெட்டும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. நான்கு அலகுகளுக்குச் சராசரி 60. ஐந்தாவது அலகுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 50 மட்டுமே என்பதால் சராசரி இறங்குகிறது. ஆறாவது அலகுக்கு 80 ஆவதால் சராசரி 61.67 ஆக ஏறுகிறது. கூடுதல் அலகின் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும்வரை சராசரி இறங்கும், மேலே போனதும் ஏறும். இவ்வளவுதான் செய்தி, இதை இத்தனை எளிமையாகச் சொல்லும் விரிவுரையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே அட்டவணையைக் கொண்டே உற்பத்தியை நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்விக்கு ஆசிரியர் நகர்கிறார். விலை 50 என்றால் ஐந்து அலகுகள் விற்று 250 வருவாய் கிடைக்கும், மொத்தச் செலவு 290, நட்டம் 40. ஆலையை மூடினாலோ நிலைச் செலவான 100 முழுவதும் நட்டம். ஆகவே நட்டத்திலும் உற்பத்தியைத் தொடர்வதே அறிவுடைமை. விலை 30 ஆக இறங்கினால் நிலைமை மாறிவிடுகிறது: மூன்று அலகுகள் விற்றுக் கிடைக்கும் 90, அவற்றின் மாறும் செலவான 105 ஐக்கூட ஈடுகட்டாது, ஆகவே நிறுத்திவிட வேண்டும். அடுத்ததாக நிலைச் செலவை 100 இலிருந்து 150 ஆக உயர்த்தி, இப்போது எத்தனை அலகுகள் உற்பத்தி செய்வீர்கள் என்று பயிற்சி கேட்கிறது. விடை மாறுவதே இல்லை. வாடகையோ கடன் வட்டியோ உயர்ந்தால் நிறுவனம் உடனே உற்பத்தியைக் குறைக்கும் என்று நினைப்பவர்கள் பலர்; அந்த எண்ணத்தை இந்த ஒரே கேள்வி கலைத்துவிடுகிறது. நீண்ட காலத்தில் நிலைச் செலவு என்று எதுவும் இல்லை என்பதால், விலை 58 க்குக் கீழேயே நின்றுவிட்டால் அந்த நிறுவனம் சந்தையை விட்டு வெளியேறும் என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்கிறார். குறுகிய காலமும் நீண்ட காலமும் நாட்காட்டியால் பிரிவதில்லை, எதை மாற்ற முடியும் எதை மாற்ற முடியாது என்பதால்தான் பிரிகின்றன என்று அவர் அழுத்திச் சொல்லும் இடம் இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட மற்றொன்றின் மதிப்பு), மீட்க முடியாத செலவு, கணக்கியல் இலாபத்துக்கும் பொருளியல் இலாபத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை சுருக்கமாகவும் பிழையின்றியும் வருகின்றன. நீண்டகாலச் சராசரிச் செலவுக்கான பாடத்தில், குறுகியகால வளைகோடுகள் அனைத்தையும் கீழிருந்து தழுவிச் செல்லும் உறை வளைகோட்டைச் சரியாகவே வரைந்து காட்டுகிறார்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. 1931 இல் பொருளியலாளர் ஜேக்கப் வைனர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நீண்டகால வளைகோடு ஒவ்வொரு குறுகியகால வளைகோட்டின் தாழ்ந்த புள்ளி வழியாகவும் செல்ல வேண்டும், ஆனால் எங்குமே அவற்றுக்கு மேலே போகக்கூடாது என்று அவர் விரும்பினார். அப்படி வரைய முடியாது என்று வரைபடம் வரைந்து தந்த வோங் மறுத்தார். வோங் சொன்னதே சரி. உறை வளைகோடு ஒவ்வொரு குறுகியகால வளைகோட்டையும் தொட்டுச் செல்லும்; தொடும் இடம், பேரளவுச் சிக்கனங்கள் (உற்பத்தி பெருகப் பெருகச் சராசரிச் செலவு குறைவது) நிலவும் வரையில், அந்த வளைகோட்டின் தாழ்ந்த புள்ளிக்கு இடப்பக்கத்தில்தான் இருக்கும். 1950 இல் பின்குறிப்பு எழுதியபோதும் வைனர் அந்தப் படத்தைத் திருத்தவில்லை; பிழையைச் சுட்டிக்காட்டும் மகிழ்ச்சி வருங்கால ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று விட்டுவைத்தார். இந்த வரலாற்றைப் பாடத்தில் சேர்த்திருந்தால், வளைகோடு ஏன் அப்படி இருக்கிறது என்பதை மாணவர் மறக்கவே மாட்டார்.

செலவுப் பகுதியில் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். எல்லா நிறுவனங்களின் செலவும் அந்த அட்டவணை போலவே இறங்கி ஏறும் என்ற எண்ணம் மாணவரிடம் தங்கிவிடுகிறது. மென்பொருளுக்கும் காணொளிப் பாடத்துக்கும் முதல் பிரதியை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. அடுத்தடுத்த பிரதிகளுக்கு ஏறத்தாழ ஒன்றுமே ஆவதில்லை. சராசரிச் செலவு இறங்கிக்கொண்டே போகும். விலையை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாக வைத்தால் முதலீடு ஒருபோதும் திரும்பாது. இந்தப் பாடத்திட்டமே அத்தகைய செலவு அமைப்பைக் கொண்டதுதான். ஒரே நிறுவனம் முழுச் சந்தைக்கும் உற்பத்தி செய்வதே மலிவாக அமையும் இயற்கை முற்றுரிமை பற்றிய பாடம் பின்னால் தனியாக வருகிறதே தவிர, செலவு வளைகோட்டின் வடிவமே சந்தையில் எத்தனை நிறுவனங்களுக்கு இடமுண்டு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்ற இணைப்பு எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

சந்தை அமைப்புப் பகுதி, நிறைவுப் போட்டி (ஒரே மாதிரிப் பொருளை விற்கும் பலர்), முற்றுரிமைப் போட்டி (சற்றே வேறுபட்ட பொருள்களை விற்கும் பலர்), சில்லோர் முற்றுரிமை (விற்பவர் சிலரே), முற்றுரிமை (விற்பவர் ஒருவரே) என்ற நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையோடு தொடங்குகிறது. விற்பவர்களின் எண்ணிக்கை, பொருளின் தன்மை, நுழைவுத் தடை, தகவல் என்பவை வரிசைகள். 1933 இல் எட்வர்ட் சேம்பர்லினும் ஜோன் ராபின்சனும் தனித்தனியே நூல்கள் வெளியிட்டு, நிறைவுப் போட்டிக்கும் முற்றுரிமைக்கும் இடைப்பட்ட பரப்பை ஆராய வழிதிறந்தார்கள் என்பது சொல்லப்படுகிறது. ஆனால் அந்த இடைப்பட்ட பரப்புக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. முற்றுரிமைப் போட்டியில் நிறுவனங்கள் சராசரிச் செலவின் தாழ்ந்த புள்ளிக்கு முன்பே நின்றுவிடும் என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

சில்லோர் முற்றுரிமையில்தான் குறை தெளிவாகத் தெரிகிறது. தேவைக் கோடு, விலை = 100 − அளவு; இறுதிநிலைச் செலவு 10. முற்றுரிமையாளர் 45 அலகுகள் உற்பத்தி செய்து 55 என்று விலை வைப்பார். கூர்னோவின் 1838 ஆம் ஆண்டு மாதிரிப்படி, இரண்டு நிறுவனங்கள் உற்பத்தி அளவில் போட்டியிட்டால் ஒவ்வொன்றும் 30 அலகுகள் உற்பத்தி செய்யும், விலை 40. அதே இரண்டு நிறுவனங்கள் விலையில் போட்டியிட்டால், 1883 இல் பெர்ட்ரான் எழுப்பிய மறுப்பின் வழியே, விலை நேராக 10 க்கு வந்துவிடும். (பெர்ட்ரான் அதை எழுதியது ஒரு நூல் மதிப்புரையில்; மதிப்புரை எழுதுவோர்க்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தி இது.) இரண்டு கணக்குகளையும் பாடம் பிழையின்றிச் செய்து காட்டுகிறது. ஆனால் விற்பவர்களின் எண்ணிக்கையும் செலவும் தேவையும் அப்படியே இருக்க விலை மட்டும் 40 இலிருந்து 10 க்கு ஏன் இறங்குகிறது, எந்தச் சூழலில் எது பொருந்தும் என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை. உற்பத்தித் திறனை முதலில் முடிவு செய்துவிட்டு அதன் பின் விலையில் போட்டியிடும் நிறுவனங்கள், குறிப்பிட்ட சில எடுகோள்களின் கீழ், கூர்னோ சொன்ன விலைக்கே வந்து சேரும் என்று கிரெப்ஸும் ஷைன்க்மேனும் 1983 இல் காட்டினார்கள். இரண்டு வரியில் அடங்கும் இந்த விளக்கம் இல்லாததால், மாணவருக்கு இரண்டு சூத்திரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

வரைபடக் கருவி இங்கே ஆசிரியரைவிட நன்றாகக் கற்பிக்கிறது. நிறுவனங்களின் எண்ணிக்கையை மாற்றும் வசதி அதில் உண்டு. விரிவுரையில் அது குறிப்பிடப்படவில்லை. கூர்னோ மாதிரியில் எண்ணிக்கையை ஒன்பதாக்கினால் விலை 19 க்கு இறங்குவதையும், மேலும் கூட்டக் கூட்ட 10 ஐ நெருங்குவதையும் கண்ணால் பார்க்கலாம். நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது உண்மையில் ஒரே தொடர்ச்சி என்பது அப்போது புரியும். இதைப் படிப்பவர்கள் அந்த வசதியைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

தகவல் பகுதி கடைசியில் வருகிறது. அதன் சிறந்த பாடம், 1970 இல் ஜார்ஜ் அகர்லாஃப் வெளியிட்ட பழைய கார்ச் சந்தை பற்றிய வாதம். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை நான்காவது இதழில் வெளியாகி, 2001 இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்தது. பாடம் தரும் எடுத்துக்காட்டில் நல்ல கார், கெட்ட கார் என்று இரு வகைகள் மட்டுமே. நல்லதை விற்பவர் 80 க்குக் குறைந்தால் தரமாட்டார், கெட்டதை விற்பவர் 20 க்குக் குறைந்தால் தரமாட்டார். வாங்குபவருக்கு நல்லது 100 பெறும், கெட்டது 40 பெறும். எது எது என்று தெரிந்தால் இரண்டு வகைகளும் விற்றுத் தீரும், எல்லோருக்கும் ஆதாயம். வாங்குபவருக்குத் தெரியாது, இரண்டும் சரிபாதி என்றால், அவர் சராசரியாக 70 வரைதான் தருவார். நல்ல காரை வைத்திருப்பவர் விலகிக்கொள்வார். அவர் விலகியது தெரிந்ததும் விலை 40 க்கு மேல் ஏறாது. நல்லவற்றின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகும் நகர்த்தி ஒன்று கருவியில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கைத் தொடும்வரை நல்ல கார் ஒன்றுகூட விற்காது. தொட்டதும் எல்லாம் விற்கத் தொடங்கிவிடும். தகவல் குறைவு சந்தையைச் சற்றே மந்தமாக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு, ஓர் எல்லையைத் தாண்டினால் நல்ல பொருளுக்கான சந்தையே இல்லாமல் போய்விடும் என்பதை அந்த நகர்த்தி உணர்த்தும்.

நல்லவை விலகிக் கெட்டவை மட்டும் எஞ்சும் இந்தப் பாதகத் தேர்வைத் தொடர்ந்து, தன் தரத்தை அறிந்தவர் அதைப் பிறருக்குச் செலவுமிக்க ஒரு செயலால் உணர்த்துவது பற்றி ஸ்பென்ஸ் 1973 இல் முன்வைத்த சமிக்ஞைக் கோட்பாடும், காப்பீட்டுச் சந்தையில் வெவ்வேறு ஒப்பந்தங்களை முன்வைத்து வாடிக்கையாளர்களே தங்கள் இடர்நிலையை வெளிப்படுத்தச் செய்யும் ரோத்சைல்டு, ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரின் 1976 ஆம் ஆண்டு ஆய்வும் வருகின்றன. ஒழுக்க இடர் (காப்பீடு கிடைத்ததும் கவனம் குறைவது போன்றவை) பற்றிய பாடம் சுருக்கமானது, போதுமானது.

என் முதன்மையான குறை இங்கேதான். நிறைவுப் போட்டிக் கட்டத்தில் "முழுமையான தகவல்" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அந்த வரியை நம்பியே நடக்கிறது. கடைசியில் தகவல் பகுதி வந்து அந்த வரி பொய்க்கும்போது, முன்னே வரைந்த படங்களில் எவை நிற்கும் எவை விழும் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1961 இல் ஜார்ஜ் ஸ்டிக்லர், விலையை விசாரித்து அறிவதற்கே செலவாகும் என்றும், அதனால் ஒரே பொருளுக்குப் பல விலைகள் நிலவும் என்றும் எழுதியதைப் பாடம் குறிப்பிடுகிறது. பீட்டர் டயமண்ட் 1971 இல் காட்டியதைக் குறிப்பிடவில்லை. அடுத்த விற்பனையாளரிடம் போய் விலை கேட்க வாங்குபவருக்குச் சிறு செலவு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா விற்பனையாளரும் இறுதிநிலைச் செலவுக்கே விற்கிறார்கள். அவர்களில் ஒருவர், அந்தச் சிறு தேடல் செலவைவிடச் சற்றே குறைவாக விலையை உயர்த்தினால், அவரிடம் வந்துவிட்ட வாடிக்கையாளர் வேறிடம் போக மாட்டார். போனால் மிச்சமாவதைவிடச் செலவு அதிகம். இதே கணக்கை ஒவ்வொரு விற்பனையாளரும் போடுவார். எல்லோரும் உயர்த்திய பின் மீண்டும் ஒரு படி உயர்த்த அதே வாய்ப்பு இருக்கும். முற்றுரிமை விலையை அடையும்வரை இது நிற்காது. விற்பவர்கள் எத்தனை பேர் என்பது இந்த வாதத்தில் எங்குமே வரவில்லை.

இந்த வாதத்தைப் படித்த ஒருவர், விற்பவர்களின் தலையை எண்ணிச் சந்தையை வகைப்படுத்தும் அந்த நான்கு கட்டங்களை முன்போல் பார்க்கவே முடியாது. ஆயிரம் விற்பனையாளர்கள் இருந்தும் விலை முற்றுரிமை விலையாக இருக்கலாம். பெர்ட்ரான் வழியில் இரண்டே பேர் இருந்தும் அது போட்டி விலையாக இருக்கலாம். இதே போல, விலை இறுதிநிலைச் செலவுக்கு மேலே இருந்தால் அது சந்தை ஆதிக்கத்தின் அடையாளம் என்று முற்றுரிமைப் பாடத்தில் கற்றதற்கும் திருத்தம் தேவைப்படுகிறது. தரத்தை வாங்கும் முன் அறிய முடியாத பொருள்களில், ஏமாற்றினால் இழக்க நேரும் எதிர்கால இலாபமே நிறுவனத்தை நேர்மையாக வைத்திருக்கும் என்றும், அந்த இலாபம் இருக்க வேண்டுமானால் விலை செலவுக்கு மேலே நிற்க வேண்டும் என்றும் கிளைனும் லெஃப்லரும் 1981 இல் வாதிட்டார்கள். செலவு, சந்தை அமைப்பு, தகவல் மூன்றும் ஒன்றையொன்று தொடும் இந்த இடங்களே இத்துறையின் உயிர்ப்பகுதி. பாடத்திட்டம் மூன்றையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைத்திருக்கிறது.

சேவையின் தரத்துக்கு வருகிறேன். பயிற்சிக் கணக்குகள் தாமாகவே திருத்தப்படுகின்றன. கடைசி எண்ணை மட்டுமே பார்க்கின்றன. 61.67 என்று எதிர்பார்க்கும் இடத்தில் 61.7 என்று எழுதினால் தவறு என்கிறது. வழி தவறாக இருந்து எண் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்கிறது. ஐயம் கேட்கும் பகுதியில் கணக்கு பற்றிய கேள்விகளுக்கு விரைவாகவும் பொறுமையாகவும் பதில் வருகிறது. "இந்த எடுகோள் இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று கேட்டால், அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்ற பதில்தான்.

பிலிப் நெல்சன் 1970 இல் வகுத்த பிரிவின்படி, வாங்கும் முன்பே சோதித்து அறியத்தக்க பொருள்கள் ஒரு வகை, பயன்படுத்திய பின்பே தரம் தெரியும் பொருள்கள் மற்றொரு வகை. பாடத்திட்டம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆகவே வாங்க நினைப்பவர், முன்கூட்டிக் கிடைக்கும் அடையாளங்களை எடைபோடத்தான் வேண்டும். இலவச மாதிரிப் பாடமாக அட்டவணை விரிவுரையையே வைத்திருக்கிறார்கள். அது இருப்பவற்றுள் சிறந்தது என்பதால் மற்றவற்றின் தரத்தை அதைக்கொண்டு அளக்க முடியாது. நட்சத்திர மதிப்பீடு தரும் வசதி இறுதித் தேர்வை முடித்தவர்களுக்கு மட்டுமே திறக்கிறது. நடுவில் விட்டுப்போனவர்களின் கருத்து அந்தச் சராசரியில் இல்லை. குறித்த காலத்துக்குள் கேட்டால் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாக உள்ள உறுதி இவற்றைவிட நம்பத்தக்கது, ஏனெனில் தரமற்ற பாடத்தை விற்பவருக்கு அத்தகைய உறுதி அதிகச் செலவை வைக்கும். சான்றிதழுக்கு நான் மதிப்புத் தரவில்லை. திறனுள்ளவருக்கு எளிதாகவும் திறன் குறைந்தவருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் ஒரு சமிக்ஞை வேலை செய்யும் என்று இந்தப் பாடத்திட்டமே கற்பிக்கிறது. ஆனால் அதன் இறுதித் தேர்வைத் தேர்ச்சி பெறும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும், அதே வினாக்களோடு, எழுதலாம்.

பள்ளி மேல்நிலைக் கணிதம் தெரிந்தவர்களுக்கு இதில் தடை ஏதும் இருக்காது. கூர்னோ பாடத்துக்கு மட்டும் வகைக்கெழு தேவைப்படும். பொருளியலை முதன்முறையாகப் படிப்பவர்களுக்கும், தொழில் நடத்திக்கொண்டு தங்கள் செலவுக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பாடங்களை எந்த வரிசையிலும் திறக்க முடிகிறது என்பதால், செலவுப் பகுதியை முடித்து நிறைவுப் போட்டிப் பாடத்தைப் பார்த்ததும் நேராகத் தகவல் பகுதிக்குச் சென்று, ஸ்டிக்லர், அகர்லாஃப் பாடங்களை முடித்துக்கொண்டு, அதன் பிறகு முற்றுரிமைக்கும் சில்லோர் முற்றுரிமைக்கும் திரும்புவது நல்லது. போட்டிச் சட்டம், ஒழுங்குமுறை ஆணையங்கள் போன்ற துறைகளுக்காகப் படிப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் செலவுப் பகுதியை மட்டும் இங்கே படித்துவிட்டு, சில்லோர் முற்றுரிமைக்கும் தகவல் கோட்பாட்டுக்கும் பல்கலைக்கழக நிலைப் பாடம் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.